‘ரிடீம்’, ‘ரிடெம்ப்ஷன்’: பொருளும் வழக்கும்

கேள்வி இதுதான்: ‘ரிடீம்’ என்ற ஆங்கில வினைச்சொல்லும் அதன் பெயர்ச்சொல்லான ‘ரிடெம்ப்ஷன்’ என்பதும் தள்ளுபடிக் கூப்பனிலும் இருக்கின்றன, பரஸ்பர நிதியின் படிவத்திலும் இருக்கின்றன, கிறிஸ்தவ இறையியல் நூல்களிலும் இருக்கின்றன, போன ஆட்டத்தில் சொதப்பிய வீரர் இந்த ஆட்டத்தில் வெற்றி தேடித் தந்தார் என்னும் விளையாட்டுச் செய்தியிலும் இருக்கின்றன, இவை எல்லாம் ஒரே சொல்தானா, அகராதி தரும் ‘மீட்பு’ என்ற ஒரு தமிழ்ச்சொல் இவை அனைத்துக்கும் போதுமா? ஒரே சொல்தான் என்பது முதல் பாதிக்கு விடை. போதாது என்பது இரண்டாம் பாதிக்கு விடை. ஏன் போதாது என்பதை விளக்கத்தான் சற்று இடம் வேண்டியிருக்கிறது.

தீப்பிடித்த கட்டடத்திலிருந்து ஒருவரைத் தூக்கி வருவதைத் தமிழில் மீட்பு என்கிறோம். வெள்ளத்தில் சிக்கியவரைப் படகில் ஏற்றுவதையும் மீட்பு என்கிறோம். ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒருபோதும் ‘ரிடெம்ப்ஷன்’ என்று சொல்லாது, அவை ‘ரெஸ்க்யூ’. காரணம், தீக்கும் வெள்ளத்துக்கும் யாரும் விலை கொடுப்பதில்லை. ‘ரிடீம்’ என்ற சொல் நிற்கும் இடத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கும். ஒருவருக்கு உரியதாக இருந்த ஒன்று இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். அந்த இன்னொருவருக்கு அதன்மேல் ஏதோ ஒரு பிடி, பல வேளைகளில் சட்டப்படியான உரிமையே, இருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்த எதையாவது கொடுத்தாக வேண்டும். கொடுத்தபின் பொருள் உரியவரிடம் திரும்பும். இந்த நான்கில் கடைசியை மட்டும்தான் ‘மீட்பு’ என்ற தமிழ்ச்சொல் கட்டாயமாகச் சொல்கிறது. நடுவில் உள்ள பிடியையும் விலையையும் நாம் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் உயிர் இருப்பதோ அந்த நடுவில்தான்.

சொல்லின் பிறப்பே இதைக் காட்டுகிறது. இலத்தீனில் ‘எமெரெ’ என்றால் வாங்குதல். அதற்கும் முந்தைய பொருள் எடுத்தல். திரும்ப என்னும் பொருள் தரும் ‘ரெ’ என்ற முன்னொட்டு, உயிரெழுத்தின் முன் வரும்போது ‘ரெட்’ ஆகும். இரண்டும் சேர்ந்து ‘ரெடிமெரெ’, அதாவது திரும்ப வாங்குதல். ஆகவே இந்தச் சொல்லை ‘ரி’ என்றும் ‘டீம்’ என்றும் பிரித்து, கருதுதல் என்னும் பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லான ‘டீம்’ என்பதோடு முடிச்சுப் போடுவது பிழை. அதற்கும் இதற்கும் உறவில்லை. ‘ரிடெம்ப்ஷன்’ என்ற பெயர்ச்சொல்லில் ‘ப்’ ஒலி எங்கிருந்து வந்தது என்று பலர் குழம்புவதுண்டு. இலத்தீனில் இறந்தகாலப் பெயரெச்ச வடிவம் ‘ரெடெம்ப்டுஸ்’. பெயர்ச்சொல் அதன் வழியாக வந்ததால் ‘ப்’ ஒட்டிக்கொண்டது. பெயர்ச்சொல் 14ஆம் நூற்றாண்டிலும் வினைச்சொல் 15ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலத்தில் பதிவாகியுள்ளன. இதே இலத்தீன் பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சின் வாயில் தேய்ந்து தேய்ந்து இன்னொரு வழியாகவும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதுதான் ‘ரான்சம்’, பிணைத்தொகை. கடத்தல்காரன் கேட்கும் பணமும் இறையியலார் பேசும் மீட்பும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது முதலில் துணுக்குற வைக்கும். கீழே வருவதைப் படித்தபின் அது இயல்பாகவே தோன்றும் என்று நம்புகிறேன்.

மிகத் தெளிவான, இன்றும் உயிரோடுள்ள பொருளிலிருந்து தொடங்கலாம்: அடகு. அடகு வைத்த நகையைப் பணம் கட்டித் திரும்ப எடுப்பதுதான் ‘ரிடீம்’ என்பதன் தூய வடிவம். நம் பேச்சுவழக்கில் இதற்கு ‘நகையைத் திருப்புதல்’ என்ற மிகச் சரியான சொல் இருக்கிறது; தவணைக்குள் திருப்பாவிட்டால் நகை ‘மூழ்கிப்போகும்’. ஆங்கிலச் சொல்லின் உள்ளே இந்த இரண்டாவது செய்தியும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கெடு இல்லாத மீட்பு அரிது. எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும், அந்த நாள் தாண்டினால் என்ன ஆகும் என்பவை இந்தச் சொல்லின் நிழல்போலக் கூடவே வருகின்றன.

ஆங்கிலேயச் சட்ட வரலாற்றில் இந்தக் கெடுவைச் சுற்றியே பெரிய போராட்டம் நடந்தது. நிலத்தை அடமானம் வைத்தவர் குறித்த நாளில் கடனைத் தீர்க்கவில்லை என்றால், பொதுச் சட்டத்தின்படி நிலம் கடன் கொடுத்தவருக்கே போய்விடும். ஒரு நாள் தாமதமானாலும் அதே கதிதான். கடனைவிட நிலத்தின் மதிப்பு எத்தனை மடங்கு அதிகமாக இருந்தாலும் அதே கதிதான். இந்தக் கொடுமையைப் பொறுக்காத கடனாளிகள் சான்சரி நீதிமன்றத்தை நாடினார்கள். நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்புச் சொல்லும் அந்த நீதிமன்றம், கெடு கடந்த பின்னும் அசலையும் வட்டியையும் செலவையும் கட்டி நிலத்தைத் திருப்பிக்கொள்ளக் கடனாளிக்கு உரிமை உண்டு என்று ஏற்றது. 17ஆம் நூற்றாண்டில் இது உறுதியான விதியாகிவிட்டது. அந்த உரிமைக்குப் பெயர் ‘ஈக்விட்டி ஆஃப் ரிடெம்ப்ஷன்’. கடனாளிக்குக் காலவரையறையின்றி இந்த உரிமையைத் தந்தால் கடன் கொடுத்தவர் என்ன செய்வார்? அவரும் நீதிமன்றத்துக்குப் போய், இன்ன தேதிக்குப் பிறகு மீட்கும் உரிமைக்குக் கதவை அடைத்துவிடுங்கள் என்று கேட்டார். அந்தக் கதவடைப்புதான் ‘ஃபோர்க்ளோஷர்’. வங்கிகள் வீட்டைப் பறிமுதல் செய்வது என்று இன்று நாம் புரிந்துகொள்ளும் அந்தச் சொல், சட்டப்படி பார்த்தால், மீட்கும் உரிமையை முடித்துவைப்பதையே குறித்தது. இரண்டு சொற்களையும் சேர்த்துப் படித்தால் ஒன்றை ஒன்று விளக்கும்.

பொருளை மீட்பது போலவே மனிதரை மீட்பதும் இந்தச் சொல்லின் பழைய பயன்பாடு. இறையியல் பொருளுக்கு வழி திறந்தது இதுதான். எபிரேய வேதத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ஒரு முழுச் சொத்துச் சட்டமே இருக்கிறது. வறுமையால் ஒருவன் தன் நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும். தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டால், சகோதரனோ சிற்றப்பனோ விலை கொடுத்து அவனை மீட்கலாம். அந்த விலை, அடிமைகள் விடுதலையாகி நிலங்கள் உரியவருக்குத் திரும்பும் ஐம்பதாம் ஆண்டான அடுத்த யூபிலி ஆண்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதைப் பார்த்துக் கணக்கிடப்படும். மதில் சூழ்ந்த நகரத்திலுள்ள வீட்டை விற்றவருக்கு ஓராண்டு வரைதான் மீட்கும் உரிமை. அதற்குள் மீட்காவிட்டால் வீடு வாங்கியவருக்கே நிலைத்துவிடும். கெடு இங்கேயும் இருக்கிறது. மீட்கும் கடமையுள்ள உறவினனுக்கு எபிரேயத்தில் ‘கோயேல்’ என்று பெயர். அதே வேதத்தில் வரும் ரூத் என்ற விதவையின் கதையில், அவள் கணவனின் உறவினனான போவாஸ் செய்வது இந்தக் கடமையைத்தான். அவனைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்து, தன் சொந்தப் பரம்பரைச் சொத்து கெட்டுவிடும் என்று பின்வாங்கிய பிறகே போவாஸுக்கு வழி பிறக்கிறது. மீட்பவன் தன் கையிலிருந்து எதையோ இழக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பின்வாங்கல் எந்த விளக்கவுரையும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

இடைக்கால ஐரோப்பாவில் போரிலும் கடற்கொள்ளையிலும் சிறைபட்டவர்களைப் பணம் கொடுத்து மீட்பதையே தொண்டாகக் கொண்ட துறவற சபைகள் இருந்தன. 1198இல் திருச்சபையின் ஒப்புதல் பெற்ற திரித்துவ சபை அவற்றுள் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டணம் கொடுக்க முடியாமல் பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்ட ஜெர்மானிய ஏழைகளுக்கு ‘ரிடெம்ப்ஷனர்’ என்றே பெயர் வந்தது. கரை இறங்கியதும் உறவினரோ வேறு யாராவதோ கட்டணத்தைக் கட்டி அவர்களை மீட்க வேண்டும். குறித்த காலத்துக்குள் யாரும் வராவிட்டால், கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் கூலியின்றி உழைக்கும் ஒப்பந்தத்தில் விற்கப்படுவார்கள். இங்கே இந்தச் சொல்லில் உவமை எதுவும் இல்லை. நேர்ப்பொருள்தான்.

விலை என்று வந்துவிட்டால் ஒரு சங்கடமும் கூடவே வந்துவிடுகிறது. ஒருவருக்கு விலை கொடுக்கிறோம் என்றால், கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறோமா? மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பிய பிரெடரிக் டக்ளஸ், தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபின் பிடிபடும் ஆபத்து ஏற்பட்டதால் பிரிட்டனுக்குச் சென்றார். அங்கிருந்த நண்பர்கள் 1846இல் அவருடைய சட்டப்படியான எஜமானருக்கு 150 பவுண்டு கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கினார்கள். அடிமை ஒழிப்பு இயக்கத்தாரிலேயே சிலர் இதைக் கண்டித்தார்கள்: மனிதனுக்கு விலை கொடுப்பது, மனிதனைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமையை ஏற்பதாகாதா என்பது அவர்கள் வாதம். கொள்ளைக்காரனிடமிருந்து தன்னை விடுவிக்கப் பணம் கொடுப்பது கொள்ளையை நியாயப்படுத்துவதாகாது என்ற நிலையில் டக்ளஸ் உறுதியாக நின்றார். என் தீர்ப்பும் அதுவே. ஆயினும் கண்டித்தவர்களின் காது கூர்மையானது என்பதையும் ஏற்க வேண்டும். ‘ரிடீம்’ என்ற சொல்லில் எதிர்த்தரப்பின் பிடிக்கு ஓர் அங்கீகாரம் கலந்திருக்கிறது. அதை அவர்கள் சரியாகவே கேட்டார்கள்.

இதே சங்கடம் கிறிஸ்தவ இறையியலை நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டிவைத்தது. மாற்கு நற்செய்தி 10:45, மானிட மகன் பலரை மீட்கும்பொருளாகத் தம் உயிரைக் கொடுக்க வந்தார் என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘லூட்ரோன்’ என்பது அடிமையையோ கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகை. சரி, அந்தத் தொகை யாருக்குக் கொடுக்கப்பட்டது? மனிதர்கள் பாவத்தால் சாத்தானின் பிடிக்குள் போனார்கள், ஆகவே சாத்தானுக்கே கொடுக்கப்பட்டது என்ற போக்கில் தொடக்கத் திருச்சபையின் இறையியலாரான ஓரிஜனும் நிசாவின் கிரெகோரியும் எழுதினார்கள். திருடனுக்குக் கடவுள் விலை கொடுப்பதா என்று நாசியான்சுவின் கிரெகோரி அதைக் கடுமையாக மறுத்தார். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் என்ற இறையியலார், மனிதன் பட்ட கடன் சாத்தானுக்கு அல்ல, கடவுளின் மாண்புக்கே என்று வாதிட்டுக் கணக்கையே மாற்றி எழுதினார். விலை என்ற படிமத்தைச் சொல் சுமந்திருந்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. ‘ரெஸ்க்யூ’ போன்ற ஒரு சொல் அந்த இடத்தில் இருந்திருந்தால், யாருக்குக் கொடுத்தார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இறையியலில் ‘சால்வேஷன்’ என்பதையும் ‘ரிடெம்ப்ஷன்’ என்பதையும் ஒன்றாகப் பயன்படுத்துவோர் உண்டு. கவனமான எழுத்தில் இரண்டும் வேறு. முன்னது நலம் பெற்றுக் காக்கப்படுதல் என்ற முழு நிலை. பின்னது அந்த நிலைக்குக் கொண்டுவந்த செயல், அதிலும் விலை கொடுத்த செயல். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் இங்கே இரண்டு வழியாகப் பிரிகின்றன. சீர்திருத்தச் சபைகள் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் காப்பவர் ‘இரட்சகர்’, அவர் தருவது ‘இரட்சிப்பு’. ‘மீட்பர்’ என்ற சொல் யோபு 19:25 போன்ற இடங்களுக்கு, அதாவது ‘ரிடீமர்’ என்று ஆங்கிலம் சொல்லும் இடங்களுக்கு, தனியாக நிற்கிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் காப்பவரும் ‘மீட்பர்’ என்றே வருகிறார். தமிழ் நடை என்ற அளவில் பின்னது எளிமையானது. ஆனால் ஆங்கில நூல் ஒன்றை மொழிபெயர்ப்பவருக்கு முன்னது ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. முக்தி, மோட்சம் போன்ற சொற்களை ‘ரிடெம்ப்ஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதைத் தவிர்க்கவே சொல்வேன். அவற்றின் வேர் விடுபடுதல். ‘லிபரேஷன்’ என்பதே நெருங்கி வரும். கட்டு அறுவதும் விலை கொடுத்து வாங்குவதும் வேறு வேறு படிமங்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். மக்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். அடகுக் கடையில் நாம் ‘ரிடீம்’ செய்வது கைக்குத் திரும்பி வரும் நகையை. கூப்பனில் நாம் ‘ரிடீம்’ செய்வதோ கையைவிட்டுப் போகும் கூப்பனை. செயப்படுபொருள் தலைகீழாகிவிட்டதே, இது எப்படி என்ற ஐயம் நியாயமானது. இதற்கு விடை கடன் பத்திரத்தில் இருக்கிறது. ஓர் அரசோ நிறுவனமோ கடன் பத்திரம் வெளியிடும்போது, தான் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு வாக்குறுதியைப் பிறர் கையில் கொடுக்கிறது. முதிர்வு நாளில் பணத்தைக் கொடுத்துத் தன் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆகவே பத்திரத்தை ‘ரிடீம்’ செய்பவர் வெளியிட்டவர். அவர் நிலையிலிருந்து பார்த்தால் இது அச்சு அசலாக அடகைத் திருப்புவதே. கூப்பனும் அப்படித்தான். கடை தன் வாக்கைச் சீட்டாக அச்சடித்து வெளியே விட்டிருக்கிறது. நாம் சீட்டைக் கொண்டுபோனால் பொருளைக் கொடுத்துச் சீட்டைத் திரும்பப் பெறுகிறது. முறையாகப் பார்த்தால் ‘ரிடீம்’ செய்வது கடை. நாளடைவில் சீட்டை நீட்டும் வாடிக்கையாளருக்கும் அதே வினை ஒட்டிக்கொண்டது. இப்போது இரண்டு வழக்கும் சரியே. பரஸ்பர நிதியிலும் யூனிட்களை நிதி நிறுவனம் ‘ரிடீம்’ செய்கிறது என்றும் முதலீட்டாளர் ‘ரிடீம்’ செய்கிறார் என்றும் எழுதுகிறார்கள். வாக்கியத்தின் எழுவாயைப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது மாறிவிடும். நிதி ஆவணங்களில் நான் முதலில் சரிபார்ப்பது இதைத்தான்.

ரூபாய்த்தாள், டாலர்த்தாள் போன்றவையும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வாக்குச் சீட்டுகளே. தாளைக் கொடுத்தால் தங்கமோ வெள்ளியோ தருவோம் என்பதே அவற்றின் வலிமை. அமெரிக்காவின் வெள்ளிச் சான்றிதழ்களுக்கு 1968 ஜூன் 24 வரை உண்மையான வெள்ளி கிடைத்தது. அதற்குப் பின்னும் தாள் செல்லும், ஆனால் வெள்ளியாக ‘ரிடீம்’ ஆகாது. பிரிட்டன் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வெளியிட்டு வந்த ‘கன்சோல்’ என்ற பத்திரங்கள் முதிர்வுத் தேதியே இல்லாதவை. வட்டி வந்துகொண்டே இருக்கும், அசலைத் திருப்பித் தரும் கட்டாயம் அரசுக்கு இல்லை. இவ்வகைப் பத்திரங்களைச் சந்தையில் ‘இர்ரிடீமபிள்’ என்று அழைத்தார்கள். திருப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் அதன் பொருள். திருப்பவே முடியாது என்பதல்ல. அரசு விரும்பினால் திருப்பலாம். 2015இல் எஞ்சியிருந்த எல்லாவற்றையும் திருப்பியும் விட்டது. அதே சொல் ஒரு மனிதரைப் பற்றி வந்தால் ‘திருந்தவே வழியில்லாதவர்’ என்ற கடுமையான பொருள். இவ்வளவு தூரம் விலகிய இரண்டு பொருள்கள் ஒரு சொல்லில் இருப்பதால், பத்திரத்தைப் பற்றிய வாக்கியத்தில் ‘மீட்கவியலாத’ என்று எழுதினால் முதலீட்டாளர் பயந்துபோவார். ‘முதிர்வுக் காலமற்ற’ என்று எழுதுவதே பொறுப்பான செயல்.

அமெரிக்காவில் சில மாநிலங்களில் பானக் குப்பியின்மேல் சிறிய எழுத்தில் ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். கலிபோர்னியாவில் அதற்கு ‘ரிடெம்ப்ஷன் வேல்யூ’ என்றே பெயர். வாங்கும்போது வைப்புத்தொகையாகக் கொடுத்ததை, காலிக் குப்பியை ‘ரிடெம்ப்ஷன் சென்டர்’ என்ற இடத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறலாம். அந்தப் பலகையைப் பார்த்து ஆன்மிக மையம் என்று எண்ண வேண்டாம்.

இந்தச் சொல்லின் எல்லா உறுப்புகளும் ஒருங்கே தெரியும் இன்றைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இணைய முகவரி ஒன்றை ஆண்டுக் கட்டணம் கட்டிப் பதிந்து வைத்திருக்கிறீர்கள், புதுப்பிக்க மறந்துவிட்டீர்கள். சலுகைக் காலமும் கடந்து முகவரி நீக்கப்படும்போது, ‘.காம்’ போன்ற பொது வகை முகவரிகளுக்கு 30 நாள் நீளமுள்ள ஒரு கட்டம் தொடங்குகிறது. பெயர் ‘ரிடெம்ப்ஷன் கிரேஸ் பீரியட்’. இந்த 30 நாளில் வேறு யாரும் அந்த முகவரியை எடுக்க முடியாது. பழைய உரிமையாளர் மட்டும், வழக்கமான புதுப்பிப்புக் கட்டணத்தைவிடக் கணிசமாக அதிகமான தொகையைக் கட்டி அதைத் திரும்பப் பெறலாம். அதன் பிறகு 5 நாள் காத்திருப்பு. பின்னர் முகவரி சந்தைக்கு வந்துவிடும், முந்திக்கொள்பவர் எடுத்துக்கொள்ளலாம். முன்பு நமக்கு உரியது, நம் தவறால் கைவிட்டுப் போனது, கூடுதல் விலை, நமக்கு மட்டுமான உரிமை, கெடு, கெடுவுக்குப்பின் மூழ்கிப்போதல் என ஒன்றுகூடக் குறையவில்லை. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கான ஓராண்டுச் சட்டத்தின் நேரடி வாரிசு போலவே இருக்கிறது. இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் சொல்லை நன்றாக அறிந்தவர்கள்.

வாக்குறுதியோடு வரும்போது ‘ரிடீம்’ என்பதற்கு நிறைவேற்றுதல் என்று பொருள். 1947 ஆகஸ்ட் 14ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அரசியல் நிர்ணய சபையில் நேரு ஆற்றிய உரையின் முதல் வாக்கியத்தில் இந்த வழக்கு இருக்கிறது: நெடுங்காலத்துக்கு முன் விதியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம், இப்போது நம் ‘ப்ளெட்ஜ்’ என்பதை ‘ரிடீம்’ செய்யும் நேரம் வருகிறது, முழுமையாகவோ நிறைவான அளவிலோ அல்ல, ஆனால் மிகப் பெருமளவில் என்கிறார். ‘உறுதிமொழியை நிறைவேற்றும் நேரம்’ என்று நாம் மொழிபெயர்க்கிறோம், பொருள் சரி. ஆனால் ‘ப்ளெட்ஜ்’ என்பதன் மூத்த பொருள் பிணையாக வைக்கப்படும் பொருள். வாக்குறுதி என்பது பின்னால் வந்தது. வாக்கை விதியிடம் ஈடு வைத்திருந்தோம், இப்போது திருப்ப வந்திருக்கிறோம் என்ற படிமம் அந்த வாக்கியத்தின் அடியில் ஓடுகிறது. முழுத்தொகை இல்லை, பெரும்பகுதி இருக்கிறது என்று அடுத்து வரும் தொடரும் ஒரு கடனாளியின் நேர்மையான சொல்லாக அப்போதுதான் ஒலிக்கிறது. பிரிவினை நடந்துகொண்டிருந்த இரவில் பேசப்பட்டது என்பதை நினைத்தால் அந்தக் குறையின் ஒப்புதல் எவ்வளவு கனமானது என்பதும் தெரியும்.

அன்றாட ஆங்கிலத்தில் மிகுதியாகக் கேட்பது ஒழுக்கம் சார்ந்த பொருள். ஒருவர் ‘தன்னைத்தானே ரிடீம் செய்துகொண்டார்’ என்றால், முன்பு செய்த தவறாலோ தோல்வியாலோ இழந்த மதிப்பைப் பின்பு செய்த ஒன்றால் திரும்பப் பெற்றார் என்று பொருள். மன்னிப்புக் கேட்பது மட்டும் இதற்குப் போதாது. ‘ரிபென்ட்’ என்பது மனம் வருந்துதல். ‘அடோன்’ என்பது கழுவாய் தேடுதல், அதாவது தவறுக்கு ஈடாக ஒன்றைச் செய்தல். ‘ரிடீம்’ என்பது அதன் பயனாக மதிப்பு உண்மையில் திரும்பிவிட்ட நிலை. கழுவாய் தேடியும் மதிப்புத் திரும்பாதவர்கள் உண்டு, அவர்களைப் பற்றி இந்தச் சொல்லை எழுதக் கூடாது. தமிழில் ‘இழந்த பெயரை மீட்டுக்கொண்டார்’ என்பது பொருத்தம். பழி தெளிவாக இருந்தால் ‘களங்கத்தைத் துடைத்துக்கொண்டார்’ என்பது இன்னும் பொருத்தம்.

‘ரிடீமிங் ஃபீச்சர்’ என்ற தொடர் தனியே கவனிக்கத்தக்கது. மற்றபடி மோசமான ஒன்றில் அதை முற்றிலும் தள்ளிவிடாமல் காப்பாற்றும் ஒரே நல்ல கூறு என்று பொருள். ஆகவே நல்ல படத்தையோ நல்ல மனிதரையோ பாராட்டும்போது இதைப் பயன்படுத்தினால் அது பாராட்டாகாது, மற்றதெல்லாம் மோசம் என்று சொன்னதாகிவிடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் ஆபாசம் பற்றிய ராத் வழக்கில், சமூகத்துக்கு எந்த ‘ரிடீமிங்’ முக்கியத்துவமும் அறவே இல்லாததே ஆபாசம் என்ற கருத்தைச் சொன்னபோது, பயன்பட்டது இந்தப் பொருள்தான்; குறையைச் சமன் செய்யும் ஏதாவது ஒரு நிறை இருக்கிறதா என்பதே கேள்வி. இந்த இடத்தில் நம் மொழியில் ‘ஈடு’ என்ற சொல் இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஈடு வைத்தல் என்றால் அடமானம்; ஈடுசெய்தல் என்றால் குறையை நிரப்புதல். ‘குறைகளை ஈடுசெய்யும் ஒரே நிறை’ என்று எழுதினால் ஆங்கிலத் தொடரின் பொருளும் வந்துவிடுகிறது, அதன் பழைய அடகு வாசனையும் வந்துவிடுகிறது.

நல்ல மணம் கொண்ட சொல் என்பதால் அதைக் கைப்பற்றியவர்களும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் வாக்களித்து ஆட்சியில் பங்குபெற்ற காலத்தை 1877க்குள் முடிவுக்குக் கொண்டுவந்த வெள்ளையர் அரசியல் அணி, தன்னை ‘ரிடீமர்ஸ்’ என்று அழைத்துக்கொண்டது. தென்னகத்தை அதன் உரியவர்களுக்கு மீட்டுத் தந்தோம் என்பது அவர்கள் கதை; அந்த மீட்பின் விலையாகப் போனது கறுப்பினத்தவரின் வாக்குரிமை. வரலாற்று நூல்களில் இச்சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் கிறிஸ்துவையும் குறிக்கலாம், இவர்களையும் குறிக்கலாம். இவர்களைத் தமிழில் ‘மீட்பர்கள்’ என்று மேற்கோள் குறியின்றி எழுதுவது, அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட புகழை நாமும் வழிமொழிவதாகும்.

வழக்கில் கவனிக்க வேண்டிய சில செய்திகள் எஞ்சியுள்ளன. ‘ரிடீம்’ எப்போதும் செயப்படுபொருள் குன்றாத வினை. ‘அவர் ரிடீம் செய்தார்’ என்று வாக்கியத்தை நிறுத்த முடியாது, எதை என்று சொல்ல வேண்டும், தன்னை என்றாலும் சொல்ல வேண்டும். எதிலிருந்து என்பதற்கு ‘ஃப்ரம்’ வரும். புள்ளிகளையோ கூப்பனையோ கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதற்கு ‘ஃபார்’ வரும். தொலைந்த பணப்பையைக் கண்டெடுப்பது ‘ரிடீம்’ ஆகாது, அது ‘ரெகவர்’. அழிந்த கோப்பைக் கணினியில் திரும்பக் கொணர்வது ‘ரிட்ரீவ்’. கடை நமக்குத் திருப்பித் தரும் பணம் ‘ரீஃபண்ட்’. இவற்றில் எதிலும் பிறர் பிடிக்கு விலை கொடுத்தல் இல்லை. ‘பியாண்ட் ரிடெம்ப்ஷன்’ என்பது மனிதரைப் பற்றி வந்தால் ‘திருத்த முடியாத அளவுக்கு’. கட்டடம், திட்டம், கையெழுத்துப்படி போன்றவற்றைப் பற்றி வந்தால் ‘இனித் தேற்ற முடியாத நிலையில்’. கூப்பனுக்குப் ‘பயன்படுத்திக்கொள்ளுதல்’ போதும், யூனிட்களுக்கு ‘விற்றுப் பணமாக்குதல்’ அல்லது நிறுவனம் எழுவாயானால் ‘பணம் கொடுத்துத் திரும்பப் பெறுதல்’, கடன் பத்திரத்துக்கு ‘அசலைத் திருப்பிச் செலுத்துதல்’, நகைக்குத் ‘திருப்புதல்’, நிலத்துக்கு ‘அடமானம் மீட்டல்’.

ஆங்கில விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் எபேசியர் 5:16இல் வரும் ‘ரிடீமிங் தி டைம்’ என்ற தொடரைத் தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு ‘காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று தருகிறது. கிரேக்க மூலத்தில் சந்தையில் விலைகொடுத்து வாங்கிவிடுதல் என்ற வினை நிற்கிறது. நாட்கள் பொல்லாதவை என்று அதே வசனம் சொல்கிறது. அந்தப் பொல்லாத நாட்களின் பிடியிலிருந்து காலத்தை வாங்கி எடுங்கள் என்பதே தொடரின் முழு வீச்சு. தமிழ்த் தொடர் பொருளைச் சொல்கிறது, பிடியையும் விலையையும் விட்டுவிடுகிறது. ஓர் உரையில் இந்தத் தொடர் மேற்கோளாக வந்தால், பழகிய தமிழ் வசனத்தை அப்படியே தந்துவிட்டு, வாங்குதல் என்ற படிமத்தை அடுத்த வாக்கியத்தில் நாமே விளக்கிவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.